இரண்டு மருந்தும் ஒரு மூச்சும்

என் நைனாவின் ஈரல் எந்த மருந்தில் நன்றாகத் தெரிகிறது என்று பார்ப்பதற்காக இரண்டு மருந்துகளை அடுத்தடுத்து அவர் நரம்பில் ஏற்றினார்கள். இரண்டுமே நோயைத் தீர்க்கிற மருந்து இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படத்தில் ஈரலை எடுத்துக் காட்டுகிற மருந்து, அவ்வளவுதான். இதை எங்கள் சந்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருவரும் நம்பவில்லை. ஊசி ஏறினால் அது வைத்தியம்தான் என்பது எங்கள் கல்மண்டபத்துப் பக்கத்துக் கணக்கு. "ரெண்டு ஊசி போட்டும் கேக்கலியா?" என்று எல்லாம் முடிந்த பிறகும் கேட்டார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு கட்டத்தில் "கேக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

நைனா மீன்பிடித் துறைமுகத்தில் முழுகுகிற ஆள். விசைப்படகுகள் திரும்பி வரும்போது அறுந்த வலையும் கயிறும் படகுக்கு அடியில் சுற்றுகிற விசிறியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். இன்ஜின் முக்கும், படகு நகராது. படகைக் கரையேற்றி எடுப்பதென்றால் பல நாள் வேலை. அதனால் நைனாவைக் கூப்பிடுவார்கள். இடுப்பில் ஒரு கயிறு, கையில் ஒரு கத்தி, இவ்வளவுதான் அவருடைய சாமான். படகுக்கு அடியில் போய், சிக்கிய வலையைக் கையால் தடவித் தடவி அறுத்து எடுத்துவிட்டு மேலே வருவார். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. டீசலும் மீன் கழிவும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து துறைமுகத் தண்ணீர் கன்னங்கரேல் என்று கிடக்கும். வீட்டுக்கு வந்து எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. சின்ன வயதில் எனக்கு அதுதான் நைனாவின் வாசனை.

அவர் கீழே போனால் மேலே ஒருவர் இருப்பார். நைனாவின் தோஸ்து. எனக்கு மாமா முறை வைத்துக் கூப்பிட்டுப் பழக்கம். படகின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. அந்தக் கறுப்புத் தண்ணீரில் ஆள் தெரியாது, கயிறு தெரியாது. குமிழி மட்டும் தெரியும். குமிழி வந்துகொண்டிருக்கும் வரைக்கும் யாரும் எதுவும் செய்யக்கூடாது. குமிழி நின்றால் மாமா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதிப்பார். முன்கூட்டியே சட்டையைக் கழற்றி வைத்துக்கொள்ள மாட்டார். அப்படி உட்கார்ந்தால் சாவுக்குக் காத்திருக்கிற மாதிரி ஆகிவிடும் என்று அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு. அவர் சட்டையைக் கழற்றி நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். நைனாவின் இடுப்புக் கயிறு அடியில் மாட்டிக்கொண்ட அன்றைக்கு.

அதனால் நைனாவுக்கு மூச்சை அடக்குவது என்றால் வேறு அர்த்தம். அவர் மூச்சைக் கட்டிவைக்க மாட்டார், செலவு செய்வார். "மூச்ச இஸ்து கட்டிகினு கீய போறவன் முட்டாளு. மூக்கால துளித்துளியா வுட்டுகினே இருக்கணும். அப்பத்தான் நெஞ்சும் வலிக்காது, மேல கீறவனுக்கும் நாம உசுரோட கீறோம்னு தெரியும்" என்பார். இப்படியே ஒரு நிமிடத்துக்கு மேல் அடியில் இருப்பார். கல்மண்டபத்தில் அவருக்கு அதனால் ஒரு மரியாதை உண்டு. குடித்துவிட்டு வம்பு இழுக்கிறவன்கூட நைனா வந்தால் லுங்கியை இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்பான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம். துறைமுகச் சாலையில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜெண்டின் ஆபீசில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நைனா மெலிய ஆரம்பித்தார். வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருக்கிறது என்றார். விலை கூடின மீனாக வாங்கி வந்து குழம்பு வைத்தாலும் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவார். ஒருநாள் முழுகப் போய், பாதி வலையை அறுத்ததும் மேலே வந்து படகைப் பிடித்துக்கொண்டு தொங்கினாராம். "போதும்பா, வேற ஆள பாரு" என்று சொன்னாராம். மாமா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மா இறால் உரிக்கிற ஷெட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். விரலெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. அந்தக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கிளினிக்கில் வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். ஈரல் சுருங்கி இறுகியிருக்கிறது, அதில் ஒரு கட்டி தெரிகிறது என்றார்கள். ரத்தத்தில் பி வகைக் காமாலைக் கிருமி இருந்தது. பல வருடத்துக்கு முன்னால் அவருக்குக் காமாலை வந்து, கீழாநெல்லி அரைத்துக் குடித்துச் சரியாகிவிட்டது என்று நாங்கள் மறந்தே போயிருந்தோம். அது மறக்கவில்லை. இதற்குப் பிறகு எந்த அறைக்குள் போனாலும் முதல் கேள்வி "குடிப்பாரா?" என்பதுதான். குடிப்பார். குளிர்ந்த தண்ணீரிலிருந்து ஏறி வந்தால் ஒரு குவார்ட்டர் போடுவார். அந்தத் தண்ணீரில் ஒருநாள் இறங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வரும். "எப்பவாவது சார்" என்று சொல்லிவிட்டு நிற்பேன்.

கடைசியில் நகரத்தின் அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறுவை சிகிச்சை டாக்டர் நிதானமான மனிதர். சுற்றி வளைக்காமல் சொன்னார். "அது புற்றாகத்தான் இருக்கும்னு சந்தேகம். கட்டி ஒண்ணே ஒண்ணுதான்னா, அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துடலாம். மிச்ச ஈரல் தாங்கும்னு நினைக்கிறேன். ஆனா ரெண்டு பக்கமும் பரவியிருந்தா கத்தியே வைக்க முடியாது." நைனாவுக்கு ஒரு காது பல வருடத்துக்கு முன்பே ஆழத்தில் வெடித்துப்போனது. மற்ற காதை டாக்டர் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். "ஒண்ணுதான் கீது. எனக்குத் தெரியும். ஒரே எடத்துலதான் கனமா கீது." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒன்று என்கிற எண்ணைத் தவிர வேறு பேச்சு இல்லை. அம்மா நாகூருக்கு ஒரு காசு, வேளாங்கண்ணிக்கு ஒரு காசு, தெருமுனை அம்மனுக்கு ஒரு காசு என்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள்.

ஒன்றா பலவா என்று தீர்மானிக்க எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று ஸ்கேன் துறைக்கு அனுப்பினார்கள். அங்கே மேற்படிப்புப் படிக்கிற ஒரு பெண் டாக்டர் இருந்தாள். என்னைவிட ஓரிரு வயது கூட இருக்கலாம். ஈரல் புற்றைக் கண்டுபிடிக்க இரண்டு வகை மருந்துகளில் எது மேல் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. சேருகிறவர்களுக்கு இரண்டு ஸ்கேனும் இலவசம். "உங்க அப்பாவைச் சேர்த்துக்கலாமா?" என்று கேட்டாள். எங்களுக்கு வேறு என்ன வழி இருந்தது, சரி என்றேன்.

அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள், அதைச் சொல்ல வேண்டும். முதல் மருந்து காடோலினியம். ஊசியில் ஏற்றியதும் ரத்தத்தோடு ஓடும். புற்றுக்கட்டி திருட்டுத்தனமாகத் தமனியிலிருந்து நேராக ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் மருந்து முதலில் அங்கே போய்ச் சேர்ந்து, கட்டி மட்டும் பளிச்சென்று மின்னும். மற்ற ஈரலுக்கு மருந்து வருவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும். அது சில விநாடி நேரம்தான். விட்டால் விட்டதுதான், திரும்ப வராது. இரண்டாவது மருந்து இரும்பு. பொடியிலும் பொடியான இரும்புத் துகள். ஈரலில் குப்பை பொறுக்குகிற காவல்கார செல்கள் அதைத் தின்றுவிடும். தின்ற இடமெல்லாம் படத்தில் கறுத்துப்போகும். புற்றில் அந்தக் காவல்காரர்கள் இல்லை. அதனால் அது மட்டும் கறுக்காமல் வெள்ளையாக நிற்கும். இரும்பு சீக்கிரம் கலையாது, படம் சரியாக வராவிட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஈரலின் செல்லே உள்ளே இழுத்துக்கொள்கிற மாதிரி புதுவகைக் காடோலினியம் ஒன்று வெளிநாட்டில் வந்திருக்கிறது, இங்கே இன்னும் கைக்கு வரவில்லை என்றும் சொன்னாள்.

நைனாவிடம் இதைச் சுருக்கிச் சொன்னேன். இரும்பு என்றதும் சிரித்துவிட்டார். எங்கள் பக்கம் துறைமுகத்தில் இரும்புத் தாதுவையும் கரியையும் கொட்டி ஏற்றுவார்கள். கொடியில் காய்கிற வெள்ளைத் துணி சாயங்காலம் சிவப்பும் கறுப்புமாக இருக்கும். "இத்தினி வருசமா மூக்கால துன்னது பத்தாதுன்னு, இப்ப நரம்புல வேற ஊத்தறாங்களா?" என்றார்.

முதல் ஸ்கேன் அன்று உள்ளே போகுமுன் உடம்பில் இருக்கிற உலோகத்தையெல்லாம் எடுக்கச் சொன்னார்கள். நைனாவின் இடுப்பில் அரைஞாண் கயிறு, அதில் ஒரு தாயத்து. முடிச்சு உப்பில் ஊறி ஊறிக் கல்லாகிப் போயிருந்தது. அவிழ்க்க வரவில்லை. அங்கிருந்த ஊழியர் ஒரு கத்தரிக்கோலை எடுத்து வந்து சட்டென்று வெட்டிவிட்டார். அவருக்கு அது ஒரு கயிறு. ஆண்பிள்ளைக்கு அரைஞாண் கயிற்றை அறுப்பது எப்போது என்று எங்களுக்குத் தெரியும். நான் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தும் அம்மா பார்த்துவிட்டாள். "உசுரோட கீற மனுசனுக்கு அறுத்துட்டீங்களேடீ" என்று வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

வராந்தாவில் மாமாவும் எங்களோடு உட்கார்ந்திருந்தார். ஸ்கேனில் மூச்சை அடக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு ஒரே பெருமை. பக்கத்தில் ஒரு நோயாளியின் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மத்தவங்க அந்த மெஷின்ல பேஜாராவாங்க. நம்ம ஆளு கடலுக்கு அடியில கீற ஆளு. இதெல்லாம் அவருக்கு ஜுஜுபி." நைனாவும் வெளியே வந்து அதையேதான் சொன்னார். "இதுக்கா இவ்ளோ அலப்பறை? அவன் நிறுத்துன்னான், நிறுத்தினேன். அவன் வுடுன்றவரைக்கும் தாங்கினேன். இன்னும் கூட தாங்கியிருப்பேன்." அன்றைக்கு வரும் வழியில் கடையில் நிறுத்தி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நோய் வந்ததிலிருந்து அவர் அவ்வளவு தெம்பாக இருந்து நான் பார்க்கவில்லை.

மறுநாள் டாக்டர் பெண் என்னைக் கூப்பிட்டாள். விளக்குப் பெட்டியில் படங்களை மாட்டியிருந்தாள். ஈரலின் ஓரம் இரண்டு மூன்று கோடாகக் கலைந்து தெரிந்தது. ஆடுகிற கையால் எடுத்த போட்டோ மாதிரி. "கட்டி மின்ன வேண்டிய நேரத்துப் படம்தான் கலைஞ்சு போச்சு. ஒரு கட்டி இருக்கு, அது என்னன்னு சொல்ல முடியலை. வேற இருக்கான்னும் சொல்ல முடியலை. மூச்சு வாங்கறவங்களுக்கு இப்படி வரும். உங்க அப்பா அப்படி இல்லையே?" என்றாள். பிறகு ஸ்கேன் நேரத்தில் வயிற்றில் கட்டிய பெல்ட் வரைந்த கோட்டைக் காட்டினாள். மூச்சு நின்றால் அது தட்டையாகப் போக வேண்டும். நைனாவுடையது மேலேயிருந்து கீழே மெதுவாகச் சரிந்து சரிந்து இறங்கியிருந்தது.

அந்தச் சரிவைப் பார்த்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. குமிழி. அந்தக் குழாய்க்குள் தண்ணீர் இல்லை, மேலே மாமா இல்லை, ஆனால் நைனா குமிழி விட்டிருக்கிறார். நாங்கள் எதை அவருடைய பலம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தோமோ அதுவே படத்தைக் கெடுத்துவிட்டது. தம் பிடிக்கவே தெரியாத ஒரு குமாஸ்தாவாக இருந்திருந்தால், பயந்து வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்திருப்பார், படமும் சரியாக வந்திருக்கும். இதை நினைத்து எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. டாக்டரிடம் விவரத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அடுத்த தடவை நீங்க உள்ள கண்ணாடி அறையில எங்ககூட இருங்க. மைக்ல நீங்களே சொல்லுங்க" என்றாள்.

வீட்டில் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துப் பழக்கினேன். வயிற்றில் என் கையை வைத்துக்கொண்டு "நிறுத்து" என்பேன். வயிறு என் கைக்குக் கீழே மெல்ல இறங்கும். "வுடுற நைனா." "எங்க வுட்டேன்? கட்டிகினுதான் கீறேன்." "கை இறங்குதே." "அது உன் கை கனம்." இப்படியே சண்டை. கடைசியில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாப்பது வருசமா இந்த மூச்சுலதான் பொயச்சேன், உன்னியும் வளத்தேன். இப்ப மூச்சு வுடத் தெரிலன்னு எனக்கே சொல்றியா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரும்பு மருந்தை ஊசியாகப் போடவில்லை, பாட்டிலில் கலந்து மெதுவாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பழுப்பு நிறத்தில் இருந்தது. பாதியில் நைனாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு வலித்தது. முதுகை வளைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார். இந்த மருந்தில் சிலருக்கு அப்படி வரும் என்று சொல்லி, நிறுத்தி, வலி தணிந்த பிறகு மறுபடி ஏற்றினார்கள். காடோலினியம் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. இது உள்ளே வருவதைச் சொல்லிவிட்டு வந்தது.

ஸ்கேன் அறைக்கு வெளியே கண்ணாடிக்குப் பின்னால் நான் உட்கார்ந்தேன். திரையில் நைனாவின் மூச்சு ஒரு கோடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மைக்கில் "மூச்ச நிறுத்து நைனா" என்றேன். கோடு நின்ற மாதிரி இருந்தது. பிறகு சரிய ஆரம்பித்தது. டாக்டர் என்னைப் பார்த்தாள். மறுபடி சொன்னேன். மறுபடி சரிந்தது. மூன்றாவது தடவையும் அதேதான். "உள்ள போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். என் கம்மலையும் வளையலையும் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

குழாயிலிருந்து அவரை வெளியே இழுத்து வைத்திருந்தார்கள். நல்ல காதுப் பக்கம் குனிந்து, "நைனா, துளிகூட வுடாத. சுத்தமா கட்டு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. குழம்பிப் போயிருந்தார்.

"வுடலன்னா மேல கீறவனுக்கு எப்டிம்மா தெரியும்?"

"மேல நான்தான் கீறேன் நைனா. அந்தக் கண்ணாடியாண்ட. உன்னியே பாத்துகினு கீறேன். குமிழி இல்லன்னாலும் எனக்குத் தெரியும்."

"நீ போவ மாட்டியே?"

"மாட்டேன்."

திரும்பி வந்து மைக்கில் சொன்னேன். அந்தக் கோடு நின்றது. இந்தத் தடவை சரியவில்லை. ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி தட்டையாகப் போய்க்கொண்டே இருந்தது. மெஷின் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குமிழி விடாமல் அடியில் கிடக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. வேலை முடிந்து அந்த ஊழியர் "மூச்சு விடுங்க" என்று சொல்வதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

படம் வந்தது. அவ்வளவு தெளிவான படம். ஓரம் கலையவில்லை, ஒன்றும் கலையவில்லை. ஈரல் எண்ணூர்க் கழிமுகத்துச் சேறு மாதிரி கறுத்துக் கிடந்தது. அதில் நைனா கனமாக இருக்கிறது என்று காட்டிய இடத்தில் ஒரு வெள்ளை உருண்டை. டாக்டர் அடுத்த படத்தைத் தள்ளினாள். அங்கே சின்னதாக இன்னொன்று. அடுத்ததில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஈரலின் மற்றப் பக்கத்தில் ஒன்று. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எனக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளையாக நிற்பது எது என்று முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"ரொம்பத் தெளிவா வந்திருக்கு" என்று அந்தப் பெண் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகுதான் நான் பக்கத்தில் இருப்பது உறைத்திருக்க வேண்டும். "சாரி" என்றாள். அவளை அப்படியே அறைந்துவிடலாம் போல இருந்தது. அவள் மேல் என்ன தப்பு? அவள் கேட்டதும் தெளிவான படம், நான் கேட்டதும் தெளிவான படம். நான்தானே உள்ளே போய், குமிழி விடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனாலும் அந்த நிமிடம் அறைய வேண்டும் போலத்தான் இருந்தது.

அறுவை சிகிச்சை டாக்டர் கத்தி வைக்க முடியாது என்றார். "முதல் படத்தை நம்பியிருந்தா வயித்தைத் திறந்துட்டு, பார்த்துட்டு, சும்மா மூடியிருப்போம். அந்த வேதனை மிச்சம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கலைந்த படத்தில் எங்களுக்கு ஒரு கட்டியும் ஒரு வழியும் இருந்தன. தெளிந்த படம் அதைப் பிடுங்கிக்கொண்டது. உண்மை தெரிவது நல்லது என்று இப்போது யாராவது பேசினால் நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அந்த ஒன்று என்கிற எண்ணோடு எங்கள் வீட்டில் நாங்கள் இருந்த அந்தச் சில நாட்கள் நன்றாக இருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நைனாவிடம் நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில், பஸ்ஸுக்கு நிற்கும்போது. "ரெண்டுல எது நல்லா காட்டிச்சாம்?" என்று கேட்டார்.

"ரெண்டாவது நைனா. இரும்பு."

"ம். நான் மூச்ச கட்டினது சரியா இருந்திச்சா?"

"சரியா இருந்திச்சு நைனா. ரொம்ப சரியா."

அவர் தலையை ஆட்டினார். பஸ் வந்ததும் அம்மாவை முதலில் ஏற்றிவிட்டு அப்புறம் ஏறினார்.

டாக்டர் பெண்ணின் ஆராய்ச்சி முடிந்து, இரும்பு மருந்து சின்னக் கட்டிகளைக் கூடுதலாகக் காட்டுகிறது என்று எழுதியதாகப் பிறகு என்னிடம் போனில் சொன்னாள். அந்தக் கூடுதலில் நைனாவும் இருக்கிறார். இன்னும் சில வருடம் கழித்து, என் ஆபீஸ் தோழியின் அண்ணனுக்கு இதே வியாதி வந்தபோது துணைக்குப் போனேன். இரும்பு மருந்தைப் பற்றி விசாரித்தேன். அந்த மருந்தைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்களாம், இப்போது ஈரல் செல்லுக்குள் போகிற அந்தப் புதுக் காடோலினியம்தான் என்றார்கள். நைனாவின் இடுப்பை வளைத்துக்கொண்டு ஏறிய மருந்து இப்போது எங்கேயும் இல்லை. யாரிடமும் சொல்லிக் கோபப்பட முடியாத ஒரு கோபம் எனக்கு அன்றைக்கு வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கண் மஞ்சளாயிற்று. கால் வீங்கியது. வயிற்றில் நீர் கட்டி, ஊசி வைத்து இறக்குவார்கள், மறுபடி கட்டும். வயிற்றைத் தட்டிக் காட்டி, "இத்தினி நாளு நான் கடலுக்குள்ள போனேன். இப்ப அது உள்ள பூந்துகிச்சு" என்று மாமாவிடம் சொன்னார். மாமா சிரித்தார். வெளியே போய்ச் சந்து முனையில் நின்று அழுதார். அம்மா நைனாவின் இடுப்பில் புதுக் கயிறு ஒன்று கட்டியிருந்தாள். வயிறு பெருக்கப் பெருக்க அதைத் தளர்த்திக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசி நாள் பகல் பொழுது. வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது. நைனாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அம்மா பாயின் தலைமாட்டில். நான் ஒரு பக்கம், மாமா மறுபக்கம். மாமா காலையிலிருந்து அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகின் விளிம்பில் படுத்துக்கொண்டு பார்ப்பாரே, அதே பார்வை. நைனாவின் மூச்சு பெரிதாக உள்ளே போகவில்லை. துளித்துளியாக வெளியே மட்டும் வந்துகொண்டிருந்தது.

கண்ணைத் திறக்காமலே, "மேல யாரு கீறாங்க?" என்று கேட்டார்.

"நான் கீறேன் நைனா" என்றேன்.

"நானும் கீறேன் மச்சான்" என்றார் மாமா.

அது அவருக்குக் கேட்டது என்றுதான் நினைக்கிறேன். நல்ல காதுப் பக்கம்தான் நான் இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் மூச்சு வந்தது. பிறகு ஒன்று வந்து, அடுத்தது வரத் தாமதமாயிற்று. அம்மா என் தோளைப் பிடித்தாள். அடுத்தது வரவில்லை.

மாமா எழுந்து நின்றார். நைனாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் கை தானாகப் போய்ச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றியது. இரண்டாவதைக் கழற்றியது. எல்லாவற்றையும் கழற்றி, சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையைப் பார்த்தபடி நின்றார்.